பாரம் குறைந்த பேஸ் அம்ப் ஹெட்டைத் தெரிவு செய்தல்: யாழ்ப்பாணத்து இசைக்குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பேஸ் கிற்றார் கலைஞர். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கத் தொடங்கிய அவர், திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள் என்று குடாநாடு முழுவதும் மேடையேறும் இசைக்குழு ஒன்றில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறார். அவரிடம் இருந்த ஹெட், அதாவது ஸ்பீக்கர் சேராத தனி அம்ப்ளிபயர், கனத்த மின்மாற்றியைக் கொண்ட பழைய திரான்சிஸ்டர் வகையைச் சேர்ந்தது. மரப்பெட்டியோடு நிறுத்தால் 17 கிலோ வரும். அதனோடு இணைப்பது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்ட, 30 கிலோவைத் தொடும் கபினெட்.

குழுவினர் எல்லாரும் ஒரே வானில் பயணம் செய்த காலத்தில் இந்தப் பாரம் பெரிதாகத் தெரியவில்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிட்டு வாங்க வேண்டியிருந்த நாட்களில், வான் பிடிக்கும் வழக்கம் நின்று போனது. தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் வாடகை பழைய நிலைக்குத் திரும்பாததால், உறுப்பினர்கள் தத்தம் மோட்டார் சைக்கிளிலோ ஓட்டோவிலோ வந்து சேர்வது நிரந்தரமாகிவிட்டது. கபினெட்டை ஒலி ஒளி அமைப்பாளரின் லொறி ஏற்றி வந்து இறக்கிவிடும். ஹெட்டை மட்டும் பிறர் பொறுப்பில் விட அவர் விரும்பவில்லை. ஆகவே அது அவருடைய மடியிலேயே பயணம் செய்தது. நயினாதீவு, நெடுந்தீவு நிகழ்ச்சிகளுக்குப் போகும்போது குறிகட்டுவான் இறங்குதுறையில் அதைப் படகில் ஏற்றி, மறு கரையில் மீண்டும் தோளில் சுமக்க வேண்டியிருந்தது.

இடுப்பு நோவையும் விட அவரைக் கவலைப்படுத்தியது வேறொன்று. "தம்பி, உந்தப் பெட்டியைத் தூக்கி இறக்கினாப் பிறகு முதல் ரெண்டு பாட்டுக்கும் விரல் சொல்வழி கேட்குதில்லை" என்று அவர் என்னிடம் கூறினார். வாசிப்பைப் பாதிக்கும் பாரம் வாசிப்பவருக்கு ஒரு தொழிற் குறைபாடு என்றே நான் கருதுகிறேன். அக்குழுவின் ஒலி அமைப்பைக் கவனித்து வருபவன் என்ற முறையில், பாரம் குறைந்த ஹெட் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பை அவரோடு சேர்ந்து ஏற்றுக்கொண்டேன்.

எடை எப்படிக் குறைந்தது

பேஸ் கிற்றாரின் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. ஐந்து தந்திக் கிற்றாரில் அது 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். இத்தகைய தாழ்ந்த ஒலியை மேடையில் உரத்துக் கேட்கச் செய்ய நிறைய மின்வலு தேவை. அந்த வலுவுக்குப் பெரிய மின்மாற்றி தேவைப்பட்டது. 1969 இல் வெளிவந்த அம்பெக் எஸ்.வி.ரி. என்ற வெற்றிடக் குழாய் ஹெட் 300 வாற்று வலுவைத் தந்தது. ஆனால் 35 கிலோவுக்கு மேல் எடை கொண்டிருந்தது.

இன்றைய இலகு ஹெட்டுகளில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன. ஒன்று, டி வகுப்பு வெளியீட்டுச் சுற்று: இதில் திரான்சிஸ்டர்கள் முழுவதும் திறப்பதும் முழுவதும் மூடுவதுமாக ஒரு விநாடிக்குப் பல இலட்சம் தடவை இயங்குவதால், வெப்பமாக வீணாகும் சக்தி மிகக் குறைவு, பெரிய அலுமினியத் தகடுகள் வேண்டியதில்லை. மற்றையது, சுவிட்ச் முறை மின்வழங்கி. சுவரில் வரும் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தை முதலில் நேரோட்டமாக்கி, பின்னர் பல்லாயிரம் ஹேர்ட்ஸ் வேகத்தில் வெட்டி மாற்றுவதால், கை நிறையப் பிடிக்க வேண்டிய மின்மாற்றி ஒரு தீப்பெட்டியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 500 வாற்று ஹெட் ஒன்று இரண்டு, மூன்று கிலோவுக்குள் அடங்குவது இதனாலேயே. இங்குள்ள நிகழ்ச்சிகளில் சிக்கலைத் தரக்கூடிய பகுதியும் இந்த மின்வழங்கியே.

முதலில் கவனித்தவை

வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வாற்றுக் கணக்கிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் அதற்கு முன்னதாக, அவர் வாசிக்கும் இடங்களில் அந்த ஹெட் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்தோம். கோயில் வீதிகளிலும் தேவாலய வளாகங்களிலும் பெரிய ஒலி அமைப்பு நிற்கும். ஹெட்டின் பின்புறத்திலுள்ள டி.ஐ. வெளியீட்டிலிருந்து, அதாவது கிற்றார் ஒலியை மிக்சருக்கு நேரே அனுப்பும் இணைப்பிலிருந்து, ஒரு கேபிள் போக, சனங்கள் கேட்கும் பேஸ் முழுவதும் ஒலி அமைப்பாளரின் பெட்டிகளிலிருந்தே வரும். அங்கே கபினெட்டின் பணி, வாசிப்பவருக்கும் அருகிலிருக்கும் ட்ரம்ஸ் கலைஞருக்கும் கேட்பது மட்டுமே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கோப்பாய்ப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் நிலைமை வேறு. அங்கு பாட்டுக்கும் கீபோர்ட்டுக்கும் போதுமான சிறிய பெட்டிகளே வைக்கப்படும். மண்டபம் முழுவதற்குமான பேஸை அவருடைய கபினெட்டே சுமக்க வேண்டும்.

ஆகவே, மிக்சருக்குச் சுத்தமான ஒலியைக் கொடுக்கும் டி.ஐ. வெளியீடும் நடுத்தர மண்டபத்தைத் தாங்கும் வலுவும் ஒருசேரத் தேவைப்பட்டன. ஹெட்டைக் கைவிட்டு, கிற்றாரின் மெல்லிய ஒலியைப் பெருக்கிச் சீராக்கும் சிறிய முன்பெருக்கிப் பெடல் ஒன்றை நேரே மிக்சருக்குக் கொடுக்கும் யோசனையைக் குழுவின் இளம் கீபோர்ட் கலைஞர் முன்வைத்தார். திறந்தவெளி மேடைகளுக்கு அது பொருத்தமே. கலியாண மண்டபங்களில் மேடை மொனிற்றர் கிடைக்காத நாட்களில் பேஸ் வாசிப்பவருக்குத் தன் ஒலியே கேட்காது என்பதால் அதை ஏற்கவில்லை.

மின்சாரம்

எங்கள் தெரிவைத் தீர்மானித்தது பெரும்பாலும் இதுவே. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது ஒழுங்குவிதி. மேடைக்கு வரும் மின்சாரம் அந்த வரம்புக்குள் நிற்பதில்லை. மண்டபத்தின் கடைசி மூலையிலிருந்து நீண்ட வயரில் இழுத்த மின்சாரத்தில், அலங்கார விளக்குகள் எல்லாம் எரியும்போது, மல்ரிமீற்றர் 200 வோல்ற்றுக்கும் கீழே காட்டியதுண்டு. பழைய மின்மாற்றி ஹெட் அப்போதும் இயங்கியது. ஆனால் வெளியீட்டு வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 190 வோல்ற்றில் அதன் உச்ச வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இல்லாமற் போகும். "இண்டைக்கு அம்ப் சோர்ந்து கிடக்கு" என்று அவர் சில இரவுகளில் சொன்னதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். சுவிட்ச் முறை மின்வழங்கிகளில் நல்லவை, மின்னழுத்தம் தாழ்ந்தாலும் உள்ளே அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் தாமாகவே நின்றுவிடும்.

மிகை மின்னழுத்தம் இதைவிட ஆபத்தானது. ஜெனரேற்றரில் ஓடும் நிகழ்ச்சியில், சமையல் பகுதியிலோ விளக்குகளிலோ பெருஞ்சுமை ஒன்று திடீரென நிறுத்தப்பட்டால், சில கணங்களுக்கு அழுத்தம் மேலே பாயும். மூன்று கட்ட இணைப்பிலிருந்து மேடைக்கு வயர் எடுக்கும்போது நடுநிலைக் கம்பி கழன்றாலோ தளர்ந்தாலோ, சுமை குறைந்த கட்டத்தில் அழுத்தம் 230 இலிருந்து 400 வோல்ற்றை நோக்கி ஏறக்கூடும். திருவிழாக் கொட்டகைகளில் அவசரமாக முறுக்கி ஒட்டிய இணைப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது தொலைவான அபாயமாகத் தோன்றாது. பழைய ஹெட்டில் அப்படி ஏதும் எரிந்தால், யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தும் கடையொன்றில் திரான்சிஸ்டரையோ பியூஸையோ மாற்றிவிடலாம். புதிய ஹெட்டுகளின் சுற்றுப்பலகை மிகச் சிறிய பாகங்களால் நெருக்கமாக ஒட்டப்பட்டது. பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும், அதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

எர்த் இணைப்பு இன்னொரு விடயம். பழைய கட்டடங்களில் வட்டத் துளைச் சொக்கற்றுகளும் புதியவற்றில் 13 அம்பியர் சதுரத் துளைச் சொக்கற்றுகளும் கலந்திருப்பதால், இடையில் கையில் கிடைத்த வயரைக் கொண்டு செய்த நீட்டிப்புகள் பல, எர்த் கம்பியே இல்லாமல் இரண்டு கம்பிகளோடு ஓடுகின்றன. மிக்சரும் ஹெட்டும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகும்போது இரைச்சல் வரும். அதை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் ஊசியைக் கழற்றிவிடும் பழக்கம் மேடைகளில் உண்டு. பேஸ் கலைஞரின் கை உலோகத் தந்தியிலும், அவர் பாடினால் உதடு மைக்கிலும் இருக்கிறது. ஆகவே இதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது. டி.ஐ. வெளியீட்டிலுள்ள கிரவுண்ட் லிப்ற் சுவிட்ச், சமிக்ஞைக் கேபிளின் உறையை மட்டும் துண்டிப்பதால் இரைச்சலும் நிற்கும், பாதுகாப்பும் கெடாது. இந்தச் சுவிட்ச் இல்லாத ஹெட் எங்கள் பட்டியலில் இடம்பெறக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம்.

வாற்றும் ஓமும்

ஹெட்டின் பெயரோடு எழுதப்படும் வாற்று எண் பெரும்பாலும் 4 ஓம் சுமைக்கு உரியது. ஓம் என்பது கபினெட் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையின் அலகு; அது கூடினால் ஹெட்டிலிருந்து கிடைக்கும் வலு குறையும். அவருடைய கபினெட் 8 ஓம். அகிலார் டோன் ஹமர் 500 என்ற ஹெட் 4 ஓமில் 500 வாற்றும் 8 ஓமில் 250 வாற்றும் தரும், எடை 1.8 கிலோ. மார்க்பாஸ் லிட்டில் மார்க் 3 அதே 4 ஓமில் 500 வாற்றும் 8 ஓமில் 300 வாற்றும் தரும், எடை 2.9 கிலோ. உள்ளங்கையில் அடங்கும் ட்ரேஸ் எலியட் எல்ஃப் ஒரு கிலோவுக்கும் குறைவு. 4 ஓமில் 200 வாற்று. இவற்றை ஒப்பிடும்போது, வலு இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும் என்பதையும், காதுக்கு இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 200 வாற்றுக்கும் 500 வாற்றுக்கும் இடையில் இருப்பது 4 டெசிபெல். அதே 3 டெசிபெலை, கூடிய உணர்திறன் கொண்ட கபினெட் ஒன்று எந்த மேலதிக வலுவும் இல்லாமல் தந்துவிடும்.

இந்தக் கணக்கு 200 வாற்று வகைக்கே சாதகமாகத் தோன்றியதால், நண்பர் ஒருவரிடமிருந்து அவ்வகை ஹெட் ஒன்றை இரவல் வாங்கி ஒரு கலியாண மண்டபத்தில் பயன்படுத்தினோம். மெல்லிசைப் பாட்டுகளுக்கு அது தாராளமாகப் போதுமாயிருந்தது. இரவு பைலாப் பாட்டுகள் தொடங்கி ட்ரம்ஸ் உரத்தபோது, ஹெட் தன் வலுவின் உச்சத்தைத் தொட்டதைக் காட்டும் எல்லை விளக்கு இடைவிடாது எரிந்தது. ஒலியின் அடிப்பகுதி இறுகி, தந்தியை அழுத்தி அடித்தாலும் மேலெழவில்லை. 8 ஓம் கபினெட்டோடு அதிலிருந்து கிடைத்தது 200 வாற்றும் அல்ல. அந்த 4 டெசிபெல் மேலதிக ஒலிக்காக என்பதைவிட, உச்சத்தில் உடையாமலிருப்பதற்காகவே அவருக்கு வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

500 வாற்று வகையில் வாங்குவது என்று தீர்மானித்த பிறகு, எங்கிருந்து வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. ரொறன்ரோவிலுள்ள மச்சான் ஒருவர், அங்கே நல்ல நிலையிலுள்ள பாவித்த ஹெட் ஒன்று மலிவாக இருப்பதாகவும் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதாகவும் அறிவித்தார். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். அதிர்வெண் இவ்வகை மின்வழங்கிகளுக்குப் பொருட்டல்ல, மின்னழுத்தமே பொருட்டு. சில ஹெட்டுகள் 100 முதல் 240 வோல்ற்று வரை தாமாகவே ஏற்றுக்கொள்ளும், சிலவற்றில் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும், சில ஒரே அழுத்தத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை. மின் இணைப்புக்கு அருகிலுள்ள எழுத்தைப் படம் எடுத்து அனுப்பக் கேட்டோம். அதில் 120 என்று மட்டுமே இருந்தது. அதை இங்கே பயன்படுத்த அழுத்தம் குறைக்கும் மின்மாற்றி ஒன்று வேண்டும். 500 வாற்று ஹெட்டுக்குப் பொருந்தும் அளவில் அது பல கிலோ வரும். குறைத்த பாரத்தை இன்னொரு பெட்டியில் தூக்கிச் செல்வதில் பயனில்லை என்பதால், மச்சானுக்கு நன்றி கூறி அதைத் தவிர்த்தோம்.

இலண்டனில் இருக்கும் அவருடைய அக்கா வழியாக வாங்குவது இறுதியில் பொருத்தமாகப் பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் மின்னழுத்தமும் 230 வோல்ற்று, பிளக்கும் இங்குள்ள 13 அம்பியர் பிளக்கே. வாங்கிய நாட்டுக்கு வெளியே உத்தரவாதம் செல்லுபடியாகாமற் போகலாம் என்ற இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்டோம். முன்பக்கத்தில் எத்தனை ரோன் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதற்குப் பேஸ் கலைஞர் முதலில் கொடுத்த முக்கியத்துவம், பேச்சு வளர்ந்தபோது பின்பக்கத்துக்கு மாறியது: மின் உள்ளீட்டின் அழுத்த வரம்பு, கபினெட்டின் கேபிளைப் பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கோன் வெளியீடுகள், ரோன் கட்டுப்பாடுகளுக்கு முன்னும் பின்னும் ஒலியை எடுக்கக்கூடிய டி.ஐ., கிரவுண்ட் லிப்ற். மேடையில் இருட்டில் கையால் தடவித் திருப்பக்கூடிய குமிழ்கள் வேண்டும், தொலைபேசிச் செயலியால் இயக்குவது வேண்டாம் என்பது அவருடைய சொந்த நிபந்தனை. வயதை வைத்துப் பார்க்காமல் தொழிலை வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் நியாயமான நிபந்தனை.

மின்னழுத்த நிலைப்படுத்தி ஒன்றைச் சேர்ப்பது பற்றியும் யோசித்தோம். இரும்பு மின்மாற்றி கொண்ட நிலைப்படுத்திகளும் கனமானவை. அதற்குப் பதிலாக, வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பொருத்தும் வோல்ற்றேஜ் கார்ட் ஒன்றை வாங்கினோம். அழுத்தம் வரம்பை மீறினால் அது இணைப்பைத் துண்டித்து, நிலைமை சீராகிச் சில நிமிடங்கள் கழிந்த பின்னரே மீண்டும் இணைக்கும். கையளவு பொருள், விலையும் சிறிது.

அதன் பின் நிகழ்ந்தவை

ஹெட் இரண்டு கிலோவைச் சற்றுத் தாண்டியது. துணிப்பையில் வைத்துத் தோளில் தொங்கவிட்டு மோட்டார் சைக்கிளில் வரும்போது, கிற்றாரை விட அது இலகுவாக இருந்தது. முதற் பாட்டிலிருந்தே விரல்கள் இயல்பாக ஓடுவதை அவரும் குழுவினரும் உணர்ந்தனர். ஒலியைப் பற்றி அவருக்கு ஆரம்பத்தில் ஒரு மனக்குறை இருந்தது. பழைய ஹெட்டின் தடிப்பு இதில் இல்லை என்றார். இவ்வகை ஹெட்டுகள் பல, ஸ்பீக்கரைக் காக்க மிகத் தாழ்ந்த அதிர்வுகளை உள்ளேயே வடிகட்டிவிடுகின்றன. முன்பெருக்கியின் இயல்பும் வேறானது. தாழ்நடு ஒலியைச் சிறிது கூட்டி, உச்சத்தைக் குறைத்த பிறகு அந்த முறைப்பாடு மறைந்தது. எடை குறைந்த ஹெட்டில் கனமான ஒலி வராது என்று சிலர் உறுதியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான் கேட்ட வேறுபாட்டின் பெரும்பகுதி குமிழ்களால் சரிசெய்யக்கூடியதாகவே இருந்தது.

சிறு தொல்லைகளும் தோன்றின. பாரமில்லாத ஹெட், கபினெட்டின் அதிர்வில் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். கேபிளின் இழுப்பும் அதற்குத் துணை செய்யும். றப்பர் விரிப்பு ஒன்று அதைத் தீர்த்தது. உள்ளே சுழலும் காற்றாடி கோயில் வீதி மணலையும் தூசியையும் இழுப்பதால், மென்மையான தூரிகையால் துளைகளைத் துடைப்பது வழக்கமாயிற்று. தீவகப் பயணங்களில் உப்புக் காற்றுப் படாதபடி பொலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுபோனார்.

பெரிய பாடம் ஒரு கோயில் திருவிழா இரவில் கிடைத்தது. ஜெனரேற்றரில் ஓடிய நிகழ்ச்சியில் விளக்குத் தொகுதி ஒன்று நிறுத்தப்பட்டதும் அழுத்தம் பாய, கார்ட் உடனே துண்டித்தது. ஹெட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் டி.ஐ. வெளியீடு ஹெட்டுக்குள்ளேயே இருப்பதால், ஹெட் அணைந்ததும் மிக்சருக்குப் போன பேஸும் முற்றாக நின்றது; கார்ட் மீண்டும் இணைக்கும் வரை, அந்தப் பாட்டின் மிகுதியும் அடுத்த பாட்டின் தொடக்கமும் பேஸ் இல்லாமலே நடந்தன. கருவியைக் காக்கும் ஏற்பாடு நிகழ்ச்சியைக் காக்கவில்லை என்பது அன்று தெளிவாகியது.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னரே, மின்சாரம் எதுவும் தேவைப்படாத எளிய டி.ஐ. பெட்டி ஒன்றைக் கிற்றாருக்கும் ஹெட்டுக்கும் இடையில் சேர்த்தோம். கிற்றார் ஒலி முதலில் அந்தப் பெட்டிக்குள் போய், ஒரு கிளை மிக்சருக்கும் மற்றைய கிளை ஹெட்டுக்கும் பிரியும். ஹெட் அணைந்தாலும் சனங்களுக்குப் பேஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். அவருடைய கிற்றார் 9 வோல்ற்று பற்றரியில் இயங்கும் வகையென்பதால் ஒலி மங்கவில்லை. பற்றரி இல்லாத கிற்றாரில் இத்தகைய பெட்டி உயர் அதிர்வுகளைச் சிறிது மழுங்கச் செய்யலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

இதே தெரிவை இன்னொருவருக்காகச் செய்வதானால், தனி டி.ஐ. பெட்டியின் விலையை முதல் நாளிலேயே செலவுக் கணக்கில் சேர்ப்பேன். ஹெட்டின் டி.ஐ. எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது இரண்டாம் வழியாகவே இருக்கட்டும். மேடைக்கு வந்ததும் கிற்றாரைச் சுருதி சேர்ப்பதற்கு முன்னர் மல்ரிமீற்றரால் சொக்கற்றை அளப்பதும், விளக்குகளோடு சேராத தனி இணைப்பு ஒன்றை ஒலி அமைப்பாளரிடம் நிகழ்ச்சிக்கு முதல் நாளே கேட்டு வைப்பதும் இப்போது குழுவின் வழமையாகிவிட்டன. பழைய 17 கிலோ ஹெட் விற்கப்படவில்லை; புதியது பழுதடைந்தால் உடனே திருத்த வழியில்லாததால், அது ஒத்திகை அறையில் மாற்றுக்கருவியாக நிற்கிறது.

வரிசையும் மாற வேண்டும். கபினெட்டின் ஓமும் உணர்திறனும் தெரிந்த பின்னரே ஹெட்டின் வாற்றைப் பேச முடியும் என்பதால், கபினெட்டை முதலில் முடிவு செய்வதே ஒழுங்கு. ஒலி அமைப்பாளரின் லொறி வராத சிறிய நிகழ்ச்சிகளில் 30 கிலோ கபினெட் இன்னும் அவருக்குத் தடையாக இருக்கிறது. நியோடைமியம் காந்தம் கொண்ட, பாரம் குறைந்த 12 அங்குலக் கபினெட்டுகள் இரண்டை, ஒவ்வொன்றும் 8 ஓமாக, வாங்குவதற்கு அவர் இப்போது பணம் சேர்த்து வருகிறார். சிறிய மண்டபத்துக்கு ஒன்றை மட்டும் ஓட்டோவில் கொண்டுபோகலாம். பெரிய மண்டபத்தில் இரண்டையும் சமாந்தரமாக இணைத்தால் சுமை 4 ஓமாகி, ஹெட்டின் முழு 500 வாற்றும் கிடைக்கும். பழைய 15 அங்குலக் கபினெட்டையும் மூன்றாவதாகச் சேர்க்க முடியாது; அப்போது சுமை 2.67 ஓமுக்கு இறங்கி, அந்த ஹெட் தாங்கக்கூடிய 4 ஓம் எல்லையைக் கடந்துவிடும்.